நிலவுலகை அளந்த லாம்டன்

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியும் பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியின் கரையில் மீனவர் ஊர்கள் பல உள்ளன. அவ்வூர்களில் வாழ்வோர் நீரின் ஆழத்தைப் பாகம் என்னும் அளவால் குறிப்பர். இரு கைகளையும் தோளுக்கு நேரே விரித்து நின்றால், ஒரு கையின் விரல் நுனி முதல் மற்றொரு கையின் விரல் நுனி வரை உள்ள நீளமே பாகம். கயிற்றை முழத்தாலும் வலையின் கண்ணை விரலாலும் அளப்பர். அளவுகோல் என்று வேறொன்றைச் சுமந்து திரிய வேண்டுவதில்லை. அளப்பவன் உடம்பே அளவுகோல்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. நெடியவன் பாகமும் குறியவன் பாகமும் ஒன்றாகா. ஒருவரை ஒருவர் அறிந்தோர் வாழும் சிற்றூரில் இவ்வேற்றுமை பெரிதாகத் தோன்றாது. பொருள் ஊர் கடந்து விலைக்குச் செல்லும்போது வழக்கும் பூசலும் தோன்றும். முன்னாளில் நம் நாட்டில் படியும் மரக்காலும், வீசையும் மணங்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தன. வாங்கும்போது ஒரு படியும் விற்கும்போது ஒரு படியும் வைத்திருந்த வணிகரும் இருந்தனர் என்பர். ஆளுக்கும் ஊருக்கும் ஏற்ப மாறாத ஓர் அளவை எங்கிருந்து பெறுவது என்பது உலக மக்கள் அனைவர்க்கும் பொதுவான வினாவாக இருந்தது.

இவ்வினாவுக்கு விடை காண முயன்ற அறிஞர்களுக்குப் பழவேற்காட்டை அடுத்த நிலப்பகுதியும் சான்று தந்தது. ஏரிக்குச் சற்றுத் தெற்கே, பொன்னேரியின் அகலாங்கை ஒட்டி, 200 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலேயர் கூடாரம் அடித்து, இரவுதோறும் விண்மீன்களை நோக்கிக் கணக்கெழுதினார். அவர் பெயர் வில்லியம் லாம்டன். உலகின் வடிவத்தைத் தமிழ்நாட்டு மண்ணில் அளந்தவர் அவர்.

அவர் அளந்ததன் அருமையை அறிய, அக்காலத்தில் பிரெஞ்சு நாட்டில் நிகழ்ந்ததை முதலில் அறிதல் வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி எழுந்த காலத்தில், மன்னன் காலடியையும் முழங்கையையும் கொண்டு அளக்கும் வழக்கத்தை ஒழிக்க அந்நாட்டு அறிஞர் முற்பட்டனர். எந்த மன்னனுக்கும் எந்த நாட்டுக்கும் உரிமையாகாத பொருள் ஒன்றிலிருந்து அளவைப் பெற வேண்டும் என்று கருதி, நிலவுலகத்தையே தேர்ந்தனர். வடமுனையிலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தொலைவை ஒரு கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூற்றை மீட்டர் என்று பெயரிட 1791 ஆம் ஆண்டில் முடிவு செய்தனர். தெலாம்பர், மெசேன் என்னும் இருவர் டன்கர்க்கு முதல் பார்சிலோனா வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அலைந்து அளந்தனர். 1799 ஆம் ஆண்டில் பிளாட்டினத்தால் ஆகிய மீட்டர்க் கோல் உருப்பெற்றது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. உலகம் முழு உருண்டை அன்று. முனைகளில் சற்றே தட்டையானது. தட்டையான இடத்தில் வளைவு குறைவு. ஆகவே, முனைக்கு அருகே ஒரு பாகை கடக்க நடக்க வேண்டிய தொலைவு, நிலநடுக்கோட்டின் அருகே ஒரு பாகை கடக்க நடக்கும் தொலைவினும் மிகுதி. ஐரோப்பாவில் மட்டும் அளந்து உலகம் முழுவதற்கும் கணக்கிட வேண்டுமாயின், அத்தட்டை எவ்வளவு என்பது தெரிந்தாக வேண்டும். அதற்கு நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளிலும் அளக்க வேண்டும். பிரெஞ்சு அறிஞர் தென்னமெரிக்காவின் பெரு நாட்டுப் பகுதியில் முன்னரே ஒரு முறை அளந்திருந்தனர். அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க மற்றோர் அளவு வேண்டியிருந்தது.

லாம்டன் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் யார்க்சயர்ப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். கணக்கில் அவருக்கு இயல்பாகவே நாட்டம் இருந்தது. இளமையில் படையிற் சேர்ந்து வட அமெரிக்கா சென்றார். அங்குப் போர் முடிந்தபின், கனடாவின் நியூ பிரன்சுவிக்கு என்னும் பகுதியில் குடியேறுவோர்க்கு நிலம் அளந்து கொடுக்கும் பணியில் அமர்ந்தார். அந்நாளில் சூரிய கிரகணம் ஒன்றைத் தக்க காப்பின்றி நோக்கியதனால் அவர் கண் ஒன்று பழுதுற்றது. பிற்காலத்தில் கண்ணையே கருவியாகக் கொண்டு உலகை அளக்க இருந்தவர்க்கு இது பெருங்கேடாகும். ஆயினும் அவர் அது குறித்துச் சோர்ந்ததாகத் தெரியவில்லை. உடனிருந்தோர் ஊர் திரும்பிப் பதவி உயர்வு பெற்ற ஆண்டுகளில், அவர் அந்தக் காட்டு நாட்டில் தனித்திருந்து கணித நூல்களைக் கற்றார்.

பின்னர் அவருடைய படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தது. 1799 ஆம் ஆண்டு திப்பு சுல்தானுக்கு எதிராக ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டபோது லாம்டனும் அப்படையில் இருந்தார். ஓரிரவு தளபதி பெயர்டு ஒரு படையை இருளில் நடத்திச் சென்றார். லாம்டன் வானத்தை நோக்கினார். விண்மீன்களின் நிலையைக் கண்டு, படை தன் முகாமுக்குத் திரும்பாமல் பகைவரின் முகாமை நோக்கிச் செல்வதை உணர்ந்தார். தளபதியிடம் சென்று அதனைத் தெரிவித்தார். விண்மீனைப் பார்த்துத் திசை சொல்லும் கீழ்நிலை அதிகாரியைத் தளபதி எளிதில் நம்பவில்லை. பின்னர்த் திசைகாட்டியைப் பார்த்தபோது லாம்டன் கூறியதே சரி எனத் தெளிந்தது. படையும் திசை மாறித் தப்பியது.

போர் முடிந்ததும் கும்பினியார் கையில் பெருநிலம் வந்து சேர்ந்தது. அந்நிலத்தின் நீள அகலம் அவர்களுக்குத் திருத்தமாகத் தெரியாது. வரி தண்டவும் படை நடத்தவும் அவர்களுக்குப் படம் வேண்டியிருந்தது. லாம்டன் இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக் கொண்டார். கீழைக் கடல் முதல் மேலைக் கடல் வரை தீபகற்பத்தை முக்கோண முறையால் அளக்கலாம் என்றும், அவ்வாறே உலகின் வடிவத்தையும் அறியலாம் என்றும் விண்ணப்பம் எழுதினார். ஆட்சியாளர் வேண்டியது நாட்டின் படம். லாம்டன் வேண்டியது உலகின் அளவு. இரண்டும் ஒரே வேலையால் கிடைக்குமாதலின் சென்னை அரசு 1800 ஆம் ஆண்டில் இசைவு தந்தது. அதே காலத்தில் மைசூர் நாட்டை அளந்தவர் காலின் மெக்கன்சி. நம் ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிக் காத்த பெருமகனார் அவரே.

கருவிகள் கிடைத்த வரலாறும் வியப்பானது. நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று கல்கத்தாவில் கிடைத்தது. அது சீனப் பேரரசருக்குப் பரிசாக 1793 ஆம் ஆண்டில் ஆங்கிலத் தூதர் கொண்டு சென்ற பொருள்களுள் ஒன்று. பேரரசர் அதனை மதிக்கவில்லை; ஆகவே அது திரும்பி வந்து லாம்டன் கையை அடைந்தது. கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட் இலண்டனில் செய்யப்பட்டது. அதன் வட்டத்தின் குறுக்களவு மூன்றடி; எடை ஏறத்தாழ அரை டன். அதனை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் நடுக்கடலில் கைப்பற்றி மொரீசியசுத் தீவுக்குக் கொண்டு சென்றனர். இரு நாடுகளும் பகைமை கொண்டிருந்த காலம் அது. ஆயினும் அத்தீவின் ஆளுநர், பெட்டியில் இருப்பது அறிவியற் கருவி என அறிந்ததும், அதனைச் சிதையாமல் சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

முக்கோண முறையில் முதற்கண் ஒரு கோட்டின் நீளத்தை நேரே அளந்துகொள்ள வேண்டும். பின்பு அக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று, தொலைவில் உள்ள மூன்றாம் இடத்தை நோக்கிக் கோணங்களை அளந்தால், மற்ற இரு பக்கங்களின் நீளத்தைக் கணக்கால் பெறலாம். அப்பக்கங்களின் மேல் மேலும் முக்கோணங்கள் எழுப்பி நாடு முழுவதும் செல்லலாம். காடும் ஆறும் குறுக்கிட்டாலும் கவலையில்லை. ஆனால் முதற்கோட்டில் நேரும் பிழை எல்லா முக்கோணங்களிலும் தொடரும். ஆதலின் லாம்டன் தம் கவனம் முழுவதையும் அம்முதற்கோட்டில் செலுத்தினார்.

அக்கோடு சென்னைப் பரங்கிமலையின் அடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் நோக்கி ஏழரை மைல் நீண்டது. 1802 ஏப்ரல் 10 ஆம் நாள் அளவு தொடங்கியது. சித்திரை, வைகாசி மாதங்களின் கடும் வெயிலில் வேலை நடந்தது. சங்கிலி தரையிற் படாதபடி முக்காலிகளின் மேல் நீண்ட மரப்பெட்டிகளை வைத்து, அவற்றுள் கிடத்தி இழுத்தனர். நிழலுக்குக் கூடாரத் துணி அமைத்தனர். பெட்டிதோறும் வெப்பமானி வைக்கப்பட்டது. எஃகு வெப்பத்தால் நீளும் என்பதை மாணவர் அறிவர். நூறடிச் சங்கிலி பத்துப் பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இது கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஏழரை மைலுக்கு அச்சங்கிலியை 400 முறை வைக்க வேண்டும். பிழையும் 400 மடங்காகி ஒரு மீட்டரையும் கடந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் வெப்பம் குறிக்கப்பட்டது. அதற்கேற்ப நீளம் திருத்தப்பட்டது. பெட்டி சுமந்தவரும் முக்காலி நட்டவரும் கொடி பிடித்தவரும் நம் நாட்டவரே. அவர்களுடைய பெயர்களை ஏடுகள் கூறவில்லை.

அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் லாம்டன் கடற்கரையை ஒட்டி முக்கோணங்களை எழுப்பினார். தென்முனை கடலூரை அடுத்த திருவந்திபுரம். வடமுனை, அவர் தம் ஏட்டில் பௌத்ரி என்று எழுதியுள்ள இடம். 13 பாகை 20 கலை அகலாங்கில், பழவேற்காட்டுக்குத் தெற்கே அமைந்தது. இரு முனைகளிலும், ஏறத்தாழத் தலைக்கு நேரே கடக்கும் விண்மீன்களை நுண்ணிய கருவி கொண்டு நோக்கினார். ஒரே விண்மீன் இரண்டிடங்களிலும் உச்சியிலிருந்து எவ்வளவு விலகித் தோன்றுகிறது என்பதைக் கொண்டு, இடைப்பட்டது ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதி எனக் கண்டார். முக்கோணங்களால் தொலைவு தெரிந்தது; விண்மீன்களால் பாகை தெரிந்தது; ஒன்றை மற்றொன்றால் வகுக்க, ஒரு பாகைக்கு 60,494 பாகம் என விடை வந்தது. பழவேற்காட்டு மீனவர் கைவிரித்துக் காட்டும் பாகம் அன்று இது. ஆறடி என வரையறுக்கப்பட்ட ஆங்கிலப் பாகம். மீட்டர் கணக்கில் இது 110.6 கிலோமீட்டர் ஆகும். பிரெஞ்சு நாட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111.1 கிலோமீட்டர். இந்த அரைக் கிலோமீட்டர் வேற்றுமையில்தான் உலகின் தட்டை வடிவம் வெளிப்படுகிறது. இந்நாளில் செயற்கைக் கோள்களின் துணையால் கணக்கிட்டாலும் அவ்விடத்தில் ஒரு பாகைக்கு 110.6 கிலோமீட்டரே வருகிறது.

அவர் மேற்கே திரும்பிப் பெங்களூரை அடைந்தபோது, அங்கு மற்றொரு கோட்டை நேரே அளந்து, சென்னையிலிருந்து கணக்கால் பெற்ற நீளத்தோடு ஒப்பிட்டார். ஏழரை மைல் நீளத்தில் நேர்ந்த வேற்றுமை நான்கு அங்குலத்துக்கும் குறைவு. மேலும் சென்றபோது, பழைய படங்கள் 400 மைல் என்று காட்டிய சென்னை–மங்களூர்த் தொலைவு உண்மையில் 360 மைலே என்பது தெரிந்தது. படத்தில் 40 மைல் நாடு காணாமற் போயிற்று.

இவ்வளவுக்குப் பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை. ஓர் ஊருக்குச் செல்ல விரும்புவோர் பல்லக்குத் தூக்கிகளிடம் ஊர்ப் பெயரைச் சொன்னாற் போதுமே, இத்துணைப் பொருட்செலவில் முக்கோணம் எதற்கு என்னும் கருத்தில் சென்னையின் நிதிக் குழுவினர் ஒருவர் வினவினார். வங்காளத்தின் படத்தை வரைந்து புகழ்பெற்ற ரென்னலும் தொடக்கத்தில் இவ்வேலையை வேண்டாததாகக் கருதினார். இங்கிலாந்தின் அரசவை வானியலாளர் மாஸ்கலைன் லாம்டன் பக்கம் நின்றதனால் வேலை நிற்காமல் தப்பியது.

சோழ நாட்டுச் சமவெளியில் மலைகள் இல்லை. எங்கு நோக்கினும் தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே கோயிற் கோபுரங்களையும் விமானங்களையும் நோக்கிடமாகக் கொண்டார். 1808 ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு அறுந்து, கருவி சுவரின் மேல் மோதியது. அதன் வட்டம் வளைந்து உருக்குலைந்தது. இந்தியாவில் அத்தகைய கருவி வேறில்லை. இங்கிலாந்திலிருந்து புதியது வர ஆண்டுகள் ஆகும். லாம்டன் யாரையும் கடிந்துகொண்டு காலங்கழிக்கவில்லை. வேறொரு கருவிக்கு எழுதிவிட்டு, ஒரு கூடாரத்துள் புகுந்து, கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஆறு வாரங்கள் முயன்று வட்டத்தை மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு இழுத்து நிமிர்த்தினார். அதனைக் கொண்டே மீண்டும் அளக்கத் தொடங்கினார். அவ்விமானத்தை எடுப்பித்த இராசராச சோழன், 1001 ஆம் ஆண்டளவில் தன் நாட்டு நிலம் முழுவதையும் அளப்பித்தவன்; உலகளந்த கோல் என்னும் பெயர் நம் கல்வெட்டுகளில் காணப்படுகிறது.

1809 ஆம் ஆண்டளவில் முக்கோணத் தொடர் குமரிமுனையை அடுத்த புன்னை வரை எட்டியது. பின்பு அவர் வடக்கு நோக்கித் திரும்பி, கூத்தி, பீதர் முதலிய ஊர்களைக் கடந்து, 18 பாகை அகலாங்கு வரை சென்றார். ஏறத்தாழப் பத்துப் பாகை நீளமுள்ள அவ்வளவு, அந்நாள் வரை நிலநடுக்கோட்டை அடுத்து யாரும் அளவாதது. அவருக்குத் துணை நின்றோருள் இருவர் குறிக்கத் தக்கவர். ஒருவர் வாரன், பிற்காலத்தில் நம் நாட்டுப் பஞ்சாங்கக் கணித முறைகளை ஆராய்ந்து காலசங்கலிதா என்னும் பெருநூலை 1825 ஆம் ஆண்டில் வெளியிட்டவர். தரையில் சோழிகளைப் பரப்பிச் சந்திர கிரகணத்தைக் கணித்த தமிழ்க் கணியர் ஒருவரைப் பற்றி எழுதியவரும் அவரே. மற்றவர் கேட்டர், உடல் நலிந்து இங்கிலாந்து திரும்பியபின் ஊசலின் நீளத்தை நுண்ணிதாக அளந்து புகழ் பெற்றார்.

லாம்டன் 1817 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டில் பாரிசின் அறிவியற் கழகமும் அவரைத் தன் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. வாட்டர்லூப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தம் நாட்டுக்கு எதிராகப் போரிட்ட படையைச் சேர்ந்தவரை, மீட்டரைப் படைத்த அறிஞர் தம்முள் ஒருவராக்கிக் கொண்டனர்.

இவ்வளவுகளும் பிற நாடுகளில் எடுத்த அளவுகளும் சேர்ந்தபின் ஓர் உண்மை வெளியாயிற்று. மீட்டரை உருவாக்கியோர் கொண்ட தட்டையளவு உண்மையினும் குறைவு. அதனால் 1799 ஆம் ஆண்டின் மீட்டர்க் கோல், அவர்கள் எண்ணிய நீளத்தினும் 0.2 மில்லிமீட்டர் குறுகியிருந்தது. முனையிலிருந்து நிலநடுக்கோடு வரை ஒரு கோடி மீட்டர் அன்று, ஏறத்தாழ 1,00,02,000 மீட்டர். ஆயினும் கோலை மாற்றவில்லை. உலகின் உருவம் மேலும் மேலும் திருந்தத் தெரிந்துகொண்டே இருக்கும். அதற்கேற்ப அளவுகோலும் மாறுமாயின் அது அளவுகோலாகாது. 1983 முதல், ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியின் 29,97,92,458 கூற்றில் ஒரு கூறு நேரத்தில் செல்லும் தொலைவே மீட்டர் எனக் கொள்ளப்படுகிறது.

லாம்டன் தம் வாழ்நாளில் அடியும் பாகமும் கொண்டே அளந்தார். இந்தியாவில் மீட்டர் அளவைக்குரிய சட்டம் 1956 ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் நாள் தொடங்கிக் கிலோகிராமும் பின்னர் மீட்டரும் படிப்படியாகக் கடைத்தெருவுக்கு வந்தன. வீசையும் மணங்கும் மறைந்தன. பழவேற்காட்டு இறாலும் நண்டும் கிலோக் கணக்கில் விலையாகின்றன.

முதுமை எய்திய பின்னும் லாம்டன் ஓய்வு கொள்ளவில்லை; தாய்நாடு திரும்பவும் இல்லை. 1818 ஆம் ஆண்டில் அவர் பணி இந்தியப் பெரு முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டில் சியார்ச் எவரெசுட்டு என்னும் இளைஞர் அவருக்கு உதவியாளராக வந்தார். ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குச் செல்லும் வழியில், 1823 சனவரி 20 ஆம் நாள், இங்கன்காட்டு என்னும் ஊரில் லாம்டன் உயிர் துறந்தார். அங்கேயே அவரை அடக்கம் செய்தனர். எவரெசுட்டு அதே கோட்டை வடக்கே தொடர்ந்து இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். உலகின் மிக உயர்ந்த மலைமுடி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. லாம்டனுக்கு மலை ஒன்றும் வாய்க்கவில்லை. பரங்கிமலை மேல் அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று உண்டு. தஞ்சையில் வளைந்து, பின் அவர் கையால் நிமிர்ந்த தியோடலைட், தேராதூனில் உள்ள இந்திய நில அளவைத் துறையில் காக்கப்பட்டு வருகிறது.